பிரேக் நன்றாகத்தான் இருந்தது

கிள்ளான்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ரமணி எழுதுகிறேன். இங்கே நானும் இவரும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? முதுகுவலி எப்படி இருக்கிறது? உங்கள் கப்பலில் குரலும் படமும் போகாது, மின்னஞ்சலில் எழுத்து மட்டும்தான் போகும் என்று நீங்கள் சொன்னபோது வருத்தமாக இருந்தது. இப்போது அதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. போனில் பேசினால் சாப்பிட்டாச்சா, மழையா என்று கேட்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

எங்கள் பஸ் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். பெயர் தாமரை. நாற்பதைத் தாண்டியிருப்பார். இதற்குமுன் சரக்கு லோரி கம்பெனி ஒன்றில் இருந்தாராம். பஸ் டெப்போவுக்குப் பெண் மேனேஜரா என்று ஓட்டுநர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் உங்கள் மாப்பிள்ளையும் ஒருவர்.

பழைய மேனேஜரைப் பற்றி உங்களிடம் நிறையப் புலம்பியிருக்கிறேன். டெப்போ வாசலில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, தாமதமாக வந்தவர், கண்ணாடியை உரசியவர் பெயரையெல்லாம் சிவப்பு மையில் எழுதிவைப்பார். வண்டியில் கோளாறு என்று யாராவது சொன்னால், ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் வண்டி கோளாறாகத் தெரியும் என்பார். அந்த வாரம் அந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாண ட்ரிப் கிடைக்காது. ட்ரிப் பிரித்துப் போடுகிற மேசை என்னுடையது. அவர் கை காட்டிய பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுவேன். ஓட்டுநர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

தாமரை வந்த முதல் நாள் தன் அறைக்கே போகவில்லை. காப்பாரிலிருந்து தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறி, வேலைக்குப் போகும் பெண்களோடு உட்கார்ந்து போய்வந்தார். அந்த வண்டியை ஓட்டியவர் இவர்தான். திரும்பி வந்ததும் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, வேலையில் எது சரியில்லை என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. தோன்றும்போது சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த வெள்ளைப் பலகையைத் தானே கழற்றி உள்ளே எடுத்துப் போனார்.

என்ன நினைக்கிறீர்கள் என்று வீட்டில் இவரைக் கேட்டேன்.

“வந்த புதுசுல எல்லாரும் நல்லவங்கதான் லா” என்றார்.

காற்று பலமாக அடிக்கும்போது மேல்தளத்தில் நிற்காதீர்கள்.

அன்புடன்
ரமணி

*

அட்லாண்டிக் கடல்
29 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை ரமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முதுகுவலி என்னோடு சேர்ந்து உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை சபாபதியைக் கேட்டதாகச் சொல். சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

உன் மேனேஜர் கதையைப் படித்துச் சிரித்தேன். பலகையைக் கழற்றுவது சுலபம். ஆட்கள் தலைமேல் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்குவதுதான் கஷ்டம். என் கதையைக் கேள். இந்தக் கப்பலில் நான் இரண்டாவது இன்ஜினியர். இன்ஜின் அறையில் என் கீழ் வேலை செய்பவர்கள் நாலைந்து நாட்டு ஆட்கள். ஒருவன் பாஷை இன்னொருவனுக்குத் தெரியாது. எல்லோருக்கும் புரிகிற பாஷை என் குரல் ஒன்றுதான். நான் படியில் இறங்கும் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்குமுன் இருந்தவர் ஆட்களோடு உட்கார்ந்து டீ குடிப்பாராம். அவர் காலத்தில் இன்ஜின் அறைத் தரை எண்ணெயில் வழுக்கும். இப்போது அதில் முகம் பார்க்கலாம்.

முகமது ரஃபீக் என்று ஒருவன் இருக்கிறான். ராமநாதபுரத்துக்காரன், இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. கப்பலில் தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று முதல் வாரம் என்னிடம் வந்து வந்து பேசினான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னேன். அதற்குப்பின் “எஸ் சார்” தவிர வேறு பேச்சில்லை. நல்ல வேலைக்காரன். வேலைக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
சிவநேசன்

*

கிள்ளான்
27 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் எந்தக் கடலில் இருந்தாலும் என் வாழ்த்து. முறுக்கு சுட்டுவிட்டேன். உங்கள் பங்கையும் நாங்களே சாப்பிடுவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவர் நன்றாக இருக்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். வேலை அதிகம் என்கிறார்.

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறை ஒன்று பட்டறைக்குப் பின்னால் இருந்ததே, கூரை ஒழுகி, காற்றாடி சுற்றாமல். தாமரை தினமும் மதியச் சோற்றை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தார். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாப்பிட்டார். அடுத்த வாரமே கூரை சரியானது. முதலாளி தம்புசாமியைக் கையோடு கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாராம். முதலாளியின் சட்டையும் நனைந்ததாம்.

மாலை ஷிஃப்ட் ஓட்டிவிட்டு வந்தவரை மறுநாள் விடிகாலை வண்டிக்குப் போடக் கூடாது என்று எனக்குச் சொல்லிவிட்டார். இதனால் சில கல்யாண ட்ரிப்புகள் கைவிட்டுப் போயின. முதலாளி கேட்டதற்கு, தூங்காதவரிடம் சாவி கொடுக்க என்னால் முடியாது என்றார்.

ஆனால் இளகிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டும்போது போனில் பேசிய ஒருவரைப் பயணி படம் பிடித்து அனுப்பிவிட்டார். கூப்பிட்டுக் கேட்டபோது அந்த ஓட்டுநர் இல்லவே இல்லை என்று சாதித்தார். படத்தைக் காட்டியபின் தலையைக் குனிந்துகொண்டார்.

“போன் பேசினதுக்கு ஒரு வாரம் வண்டி இல்ல. இல்லன்னு சொன்னதுக்கு இன்னொரு வாரம்” என்றார் தாமரை.

டெப்போ முழுக்க அன்று அதே பேச்சு. இரண்டாவது வாரம் எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று வரும் போன்கள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. நேற்று ஒரு தொழிற்சாலைப் பெண் ஓடிவருவதைப் பார்த்து எங்கள் ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாராம். முன்பெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். யாரும் அவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை அண்ணே.

அன்புடன்
ரமணி

*

கிள்ளான்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்கு எழுதிய நாலு வரிக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. கடல் மோசமாக இருக்கிறதா? வேலை அதிகமா? சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். இங்கே நாங்கள் சுகம்.

தைப்பூசத்தன்று நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

இங்குள்ள ஒரு கோயில் குழுவினர், பால்குடம் எடுப்பவர்களைப் பத்துமலைக்குக் கூட்டிப்போக எங்கள் பஸ்களை எடுத்திருந்தார்கள். ஒரு வண்டியை ஓட்டியவர் கார்த்திகேசு. வேலைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகிறது, அதிகம் பேசாதவர். வண்டி நிறைய ஆட்களோடு கிளம்பிப் போனவர், முதல் சிக்னலிலேயே திருப்பிக்கொண்டு டெப்போவுக்குள் வந்துவிட்டார். இறங்கி, நேராகத் தாமரையிடம் வந்தார்.

“பிரேக் மிதிச்சா கால் ஒரு மாதிரி உள்ள போகுது பாஸ். எனக்கு மனசு ஒப்பல” என்றார்.

“அப்ப போகவேணாம்” என்றார் தாமரை. வேறொரு கேள்வி கேட்கவில்லை.

மற்ற வண்டிகள் எல்லாம் முன்னாலேயே போய்விட்டன. கையில் வேறு வண்டி இல்லை. விரதம் இருந்தவர்கள் மஞ்சள் துணியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பட்டறை நிழலில் உட்கார்ந்தார்கள். கோயில் குழுத் தலைவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெரிந்த வேன்காரர்கள் ஒருவர் விடாமல் நான் போன் செய்தேன். தாமரை தன் காரில் வயதானவர்களை ஏற்றி அனுப்பினார். ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். வெயில் ஏறி, சிலர் குடத்தில் பால் திரிந்துவிட்டது. புதிதாக வாங்கிவரச் செய்தார். கடைசி ஆள் கிளம்பும்போது நன்றாக வெயில் ஏறிவிட்டது. தாமரையும் அன்று மஞ்சள் சேலையில்தான் இருந்தார் அண்ணே. அவருக்கும் பால்குட நேர்த்தி. அவருடைய குடம் நாள் முழுவதும் என் மேசைமேல் இருந்தது.

பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். கழற்றிப் பார்த்தார்கள். வெளியே எடுத்துப்போய் ஓட்டியும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

பிற்பகலில் முதலாளி தம்புசாமி வந்தார். அந்தக் கோயில்காரர்கள் இனி எந்தக் காலத்திலும் நம் வண்டியை எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அறைக் கதவு சாத்தியிருந்தும் குரல் கேட்டது. அந்த டிரைவரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பு என்றார். வண்டியை நிறுத்தச் சொன்னவள் நான், அனுப்புவதாக இருந்தால் என்னைத்தான் அனுப்பவேண்டும் என்று தாமரை சொன்னதும் கேட்டது. வெளியே வந்த முதலாளி யாரையும் பார்க்காமல் காரில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை ஓட்டுநர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். என்ன நடக்கும் என்று பார்க்கத்தான். இவரும் நின்றார். தாமரை வந்து கார்த்திகேசுவை முன்னால் கூப்பிட்டார். கார்த்திகேசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, நேத்து நீங்க செஞ்சது சரி. நாளைக்கும் அப்படித் தோணினா நாளைக்கும் திரும்பி வாங்க. தேங்க்யூ” என்றார்.

அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை. கார்த்திகேசு முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்துப் போனார். மற்றவர்களும் தங்கள் வண்டிக்குப் போனார்கள். ஆனால் அந்த வாரம் பட்டறைக்கு வந்த புகார்களைப் பார்க்கவேண்டுமே. கண்ணாடி துடைப்பான் சரியில்லை, டயர் தேய்ந்திருக்கிறது, கதவு பாதியில் நிற்கிறது என்று. பட்டறைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இத்தனையும் எவ்வளவு நாளாக இருந்ததோ.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்
ரமணி

*

டர்பன் துறைமுகம்
2 மார்ச் 2025

ரமணிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே நிலைமை கொஞ்சம் சரியில்லை.

உன் மேனேஜர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் பயந்துபோய்த் திரும்பி வந்தான், கம்பெனி ஒரு வாடிக்கையை இழந்தது, அதற்கு நன்றி சொல்வார்களா? நாளைக்குத் தூக்கம் கலையாதவனெல்லாம் பிரேக் சரியில்லை என்பான். எழுதிவைத்துக்கொள்.

என் இன்ஜின் அறையில் போன மாதம் எண்ணெய் சுத்தப்படுத்தும் இயந்திரம் ஒன்றை யாரோ கவனிக்காமல் விட்டு, எண்ணெய் வழிந்து தரையெல்லாம் ஓடியது. யார் என்று கேட்டேன். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சரி, யாரும் இந்தத் துறைமுகத்தில் இறங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது கப்பல் கரையில் கட்டியிருக்கிறது. அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரை வேடிக்கை பார்க்கிறார்கள். யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை? கேட்டதாகச் சொல்.

சிவநேசன்

*

கிள்ளான்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்து நிம்மதி. இங்கே எல்லாம் வழக்கம்போல. இரண்டு நாளாக மழை. இவர் வீட்டில்தான் இருக்கிறார், உங்களைக் கேட்டதாகச் சொன்னார். நோன்புப் பெருநாள் நெருங்குவதால் பாசார், கடைத்தெரு எங்கும் கூட்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரமணி

*

இந்தியப் பெருங்கடல்
30 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். டெப்போவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேனேஜர் பெயரே இல்லை. மாப்பிள்ளை வண்டிக்குப் போகாமல் ஏன் வீட்டில் இருக்கிறார்? நான் போன தடவை கடுமையாக எழுதியது உனக்கு வருத்தமா? இருந்தால் திட்டி எழுது. இப்படி மழையைப் பற்றி எழுதாதே.

இங்கே ரஃபீக்குக்குக் கையில் நீராவி பட்டுவிட்டது. முழங்கைக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. கேப்டன் வானொலியில் மருத்துவரிடம் கேட்டு மருந்து போட்டிருக்கிறார். கவனக்குறைவு. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

உடனே பதில் எழுது.

அண்ணன்
சிவநேசன்

*

கிள்ளான்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளை புத்தாண்டு. உங்களுக்கும் ரஃபீக்குக்கும் என் வாழ்த்து. அந்தக் கை ஆறிவிட்டதா?

உங்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. போன கடிதத்தில் எழுத முடியவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, இவர் காப்பாரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார். பண்டமாரானைத் தாண்டியதும் கண் மங்கி, கை வேர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லையாம். நினைவு திரும்பிப் பார்த்தபோது வண்டி பக்கத்துத் தடத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் வேறு வண்டி இல்லை. பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. மெதுவாக ஓட்டிப்போய் எல்லோரையும் இறக்கிவிட்டு, காலியாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு நேராகத் தாமரையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தீபாவளியிலிருந்தே இப்படி வருகிறதாம். சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். இந்த மயக்கம் தெரியாது. ட்ரிப்புக்கு நேரமாகிறது என்று மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே ஓடியிருக்கிறார்.

தாமரை என்னை உள்ளே கூப்பிட்டார். இவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, அதையே இன்னொரு தடவை என்னிடம் சொன்னார். நான் அந்த அறையில் அழவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். கட்டின மனைவி நான், ஒரே டெப்போவில் வேலை செய்கிறேன், வந்து ஆறு மாதமான மேனேஜரிடம் முதலில் சொல்லத் தோன்றியதா என்று.

“உன்கிட்ட சொன்னா நீ அழுவே. அழுதா நான் திரும்ப மறைப்பேன்” என்றார். பிறகு, “கார்த்திகேசுவைப் பார்த்தேன் லா. ஒண்ணுமே இல்லாததுக்குத் தேங்க்யூ சொன்னாங்க. எனக்கு உண்மையிலேயே இருக்கே” என்றார்.

அண்ணே, அந்தப் பிரேக் நன்றாக இருந்ததற்கு நீங்கள் அவ்வளவு கோபப்பட்டீர்கள். அன்றைக்குக் கார்த்திகேசுவை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இவர் வாய் திறந்திருக்க மாட்டார். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பழைய மேனேஜர் இருந்திருந்தால் இவர் மறுநாளும் அதே வண்டியை எடுத்திருப்பார். நான்தான் சாவியைக் கொடுத்திருப்பேன்.

இனிமேல் பஸ் ஓட்ட முடியாது என்று தாமரை இவரிடம் நேராகவே சொன்னார். பார்க்கலாம், டாக்டர் சொல்லட்டும் என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. இவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தார். பிறகு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தாடிகூட எடுக்கவில்லை. அப்போதுதான் உங்களுக்கு அந்த மழைக் கடிதத்தை எழுதினேன்.

தாமரை வாரம் இரண்டு தடவை வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தெலுக் பங்லிமா காராங்குக்குப் போக எந்தச் சாலை பள்ளம், எந்தத் திருப்பத்தில் லோரிகள் முட்டிக்கொண்டு வருகின்றன, புது ஓட்டுநர்களை எந்த வழியில் விடலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை வந்தபோது இவர் சட்டையை மாற்றிக்கொண்டு அவரோடு காரில் ஏறிப் போனார். புதிதாக வரும் ஓட்டுநர்களோடு உடன் போய் வழி பழக்குவதும், காலையில் வண்டிகளைப் பார்த்து அனுப்புவதும் இப்போது இவர் வேலை. வருமானம் கொஞ்சம் குறைவு. ஸ்டியரிங்கைப் பிடிக்காத கையை என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறார். ஆனால் போகிறார்.

இவ்வளவுதான் செய்தி. இனி மழையைப் பற்றி எழுதமாட்டேன்.

அன்புடன்
ரமணி

*

வங்காள விரிகுடா
18 மே 2025

அன்புத் தங்கை ரமணிக்கு,

மாப்பிள்ளைக்கு நடந்ததைப் படித்தேன், இப்போது நலமாக இருக்கிறார் என்பதில் நிம்மதி. அவர் செய்தது பெரிய காரியம். நான் சொன்னேன் என்று சொல். உன் மேனேஜரைப் பற்றி நான் எழுதியதை அழித்துவிடு.

ரஃபீக்கின் கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. அது கவனக்குறைவு இல்லை ரமணி. அந்த நீராவிக் குழாயின் இணைப்பில் ஒரு வாரமாகவே கசிவு இருந்திருக்கிறது. அவன் பார்த்திருக்கிறான். என்னிடம் சொல்லாமல் தானே இறுக்கிச் சரிசெய்யப் போயிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று போன வாரம் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். “எஸ் சார்” என்றான். நான் கேட்டது அதுவல்ல என்று அவனுக்கும் தெரியும்.

ஒரு உதவி செய். மாப்பிள்ளை அறைக்குள் போய் அதைச் சொன்னபோது அந்த அம்மா முதலில் என்ன சொன்னார்? மாப்பிள்ளையிடம் கேட்டு அப்படியே எழுது.

அண்ணன்
சிவநேசன்

*

கிள்ளான்
22 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்கள் கேட்டதை இவரிடம் கேட்டேன்.

முதலில் ஒன்றுமே சொல்லவில்லையாம். இவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, “இப்ப தலை சுத்துதா?” என்று கேட்டாராம். இல்லை என்றதும், சாப்பிட்டீர்களா என்று கேட்டு, தன் மேசையில் இருந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தாராம். இவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வண்டியைப் பற்றிக் கேட்டாராம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.

வேறு பெரிய வார்த்தை எதுவும் இல்லை அண்ணே. உங்களுக்கு ஏதாவது உபயோகப்படும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் முதலாளி டெப்போவுக்கு வந்தார். தாமரையைப் பார்க்க அல்ல. ஓட்டுநர்கள் அறையில் போய் உட்கார்ந்து, இவரோடும் கார்த்திகேசுவோடும் டீ குடித்துவிட்டு, எந்தெந்த வண்டியை மாற்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். கார்த்திகேசு அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

ரஃபீக்கைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
ரமணி

*

கொழும்புக்கு அருகே
15 ஜூன் 2025

அன்புத் தங்கை ரமணிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நலம். குளித்து மூன்று நாள் ஆகிறது, அதை மட்டும் மன்னித்துக்கொள். காரணம் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு நான் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. எனக்கு அந்த அம்மாவைப் போலப் பேச வராது. ரஃபீக்கிடம் போய், அறிக்கையில் உன்மேல் தப்பாக எழுதிவிட்டேன், மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மற்றவர்கள் முன்னால்தான் சொன்னேன். தலையாட்டினான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் கழித்து என்னிடம் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காத்திருப்பதே எனக்கு வெட்கமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ரஃபீக் என் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, “சார், நல்ல தண்ணித் தொட்டி வால்வை மூட மறந்துட்டேன். பாதித் தண்ணி கடலுக்குப் போயிருச்சு. நான்தான்” என்றான்.

என் தொண்டை வரைக்கும் பழைய வார்த்தை வந்தது ரமணி. அவன் அதற்குத் தயாராக நின்றான். தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தது. அந்தத் தோளைப் பார்த்ததும் வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

“இப்ப மூடியாச்சா?” என்றேன்.

“மூடிட்டேன் சார்.”

“வா, எவ்வளவு மிச்சம்னு பார்ப்போம்.”

இரண்டு பேருமாகப் போய் அளந்தோம். சமையலுக்கும் குடிக்கவும் போதும், குளிக்கப் போதாது. கேப்டனிடம் நான் போய்ச் சொன்னேன். என் பகுதியில் நடந்த தவறு என்றேன், யார் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கப்பல் முழுக்க இப்போது என்மேல் கோபம். சமையல்காரர் எனக்குச் சோற்றைத் தட்டில் ஓங்கிப் போடுகிறார்.

மறுநாள் இன்னொருவன் வந்தான். ஒரு பம்பில் ஒரு மாதமாகச் சத்தம் கேட்கிறதாம். அதற்கு மறுநாள் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒரு தீயணைப்புக் குழாயின் வாய் இறுகிப்போய்த் திறக்கவில்லையாம். முகம் பார்க்கலாம் என்று நான் பெருமைப்பட்ட அந்தத் தரைக்குக் கீழே இவ்வளவு இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டிருக்கிறோம். கையெல்லாம் எண்ணெய், கழுவத் தண்ணீர் இல்லை.

இந்த வாரம் என்னிடம் வந்த ஆட்களெல்லாம் கெட்ட செய்தியைத்தான் கொண்டுவந்தார்கள். இந்தக் கப்பலில் ஏறிய நாளிலிருந்து இவ்வளவு நல்ல வாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

கொழும்பில் தண்ணீர் ஏற்றுவோம். இந்தத் தடவை எல்லோரும் கரையில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டேன். ரஃபீக்குக்குத் தெரிந்த ஒருவர் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம், பிரியாணி நன்றாக இருக்குமாம். நீங்களும் வாங்க சார் என்று கூப்பிட்டிருக்கிறான். போகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடச் சொல். தாமரை அம்மாவுக்கு என்னைத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீ அவரைப் பார்க்கும்போது என் பங்குக்கும் சேர்த்து ஒருமுறை கையெடுத்துக் கும்பிடு.

உன் அண்ணன்
சிவநேசன்